தவாஃப்: எது செல்லும், எது செல்லாது, எதற்குத் தம் கொடுக்க வேண்டும்?

ஹஜ் காலம் நெருங்கிவிட்டால் ஆலிம்களிடம் (மார்க்க அறிஞர்களிடம்) வரும் கேள்விகளில் பெரும்பங்கு, கஅபாவைச் சுற்றி வரும் வணக்கமான தவாஃபைப் பற்றியதாகத்தான் இருக்கும். மாடியில் சுற்றினால் கூடுமா? நெரிசலில் அந்நியப் பெண்ணின் கை பட்டுவிட்டது, உளூ (தொழுகைக்கான அங்கச்சுத்தம்) இருக்கிறதா? ஹைளு (மாதவிடாய்) வந்துவிட்டது, விமானமோ நாளை மறுநாள், என்ன செய்வது? 2025ஆம் ஆண்டு ஹஜ் செய்தவர்கள் 16,73,230 பேர் என்று சவூதி அரசு அறிவித்தது. அத்தனை பேரும் சில நாள்களுக்குள் ஒரே கட்டடத்தைச் சுற்றியாக வேண்டும் என்றால் இந்தக் கேள்விகள் எழாமல் எப்படி இருக்கும்?

ஒரே கேள்விக்கு இரண்டு பதில் கிடைப்பதுதான் மக்களை அதிகம் குழப்புகிறது. காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபை, அதாவது ஷாஃபிஈ சட்டப் பள்ளியை, பின்பற்றுபவர்கள். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்தவர்களும் உள்மாவட்ட ராவுத்தர்களில் பெரும்பாலோரும் ஹனஃபிகள். மக்காவில் இவர்கள் ஒரே அறையில் தங்குகிறார்கள். "உளூ இல்லாமல் சுற்றியது செல்லவே செல்லாது" என்று ஒருவர் சொல்ல, "செல்லும், ஆனால் தம் (பரிகாரப் பலி) கொடுக்க வேண்டும்" என்று பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் சொல்கிறார். இருவரும் தத்தம் மத்ஹபின்படி சரியாகவே சொல்கிறார்கள். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பது புரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

அடிப்படை: தவாஃப் என்பது என்ன?

ஹஜருல் அஸ்வத் என்னும் கருங்கல் பதிக்கப்பட்ட மூலையில் தொடங்கி, கஅபா தன் இடப்பக்கம் இருக்கும்படி, மஸ்ஜிதுல் ஹராமுக்குள் ஏழு முறை சுற்றி வந்து அதே மூலையில் முடிப்பது தவாஃப். "பழமையான அந்த வீட்டை அவர்கள் தவாஃப் செய்யட்டும்" என்ற குர்ஆன் வசனம் (22:29) இதற்கான கட்டளை. ஹஜ், உம்ரா பயணத்தில் ஒருவர் செய்யும் தவாஃப்கள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. (ருக்ன், வாஜிப், சுன்னத் என்ற சொற்களின் பொருள் அடுத்த பகுதியில் வருகிறது.)

1. தவாஃபுல் உம்ரா: உம்ராவின் ருக்ன். இது இல்லாமல் உம்ரா இல்லை.
2. தவாஃபுல் குதூம்: ஹஜ்ஜுக்கு இஹ்ராம் (ஹஜ், உம்ராவுக்கான புனித நிலை) கட்டி மக்காவுக்கு வருபவரின் வருகைத் தவாஃப். ஹனஃபி, ஷாஃபிஈ இரண்டிலும் சுன்னத். நம் பக்கத்து ஹாஜிகளில் பெரும்பாலோர் முதலில் உம்ராவை முடித்துவிட்டுப் பிறகு ஹஜ்ஜுக்கு இஹ்ராம் கட்டும் தமத்துஉ முறையில் போவதால் இது அவர்களுக்கு வருவதில்லை.
3. தவாஃபுல் இஃபாளா: தவாஃபுஸ் ஸியாரா என்றும் சொல்வார்கள். அரஃபாவில் தங்கி வந்த பிறகு செய்யும் இதுதான் ஹஜ்ஜின் ருக்ன். விட்டால் எந்தப் பரிகாரமும் இதற்கு ஈடாகாது.
4. தவாஃபுல் வதா: மக்காவை விட்டுப் புறப்படும்போது செய்யும் விடைத் தவாஃப். ஹனஃபி, ஷாஃபிஈ, ஹன்பலி மத்ஹபுகளில் வாஜிப். மாலிகியில் சுன்னத்.
5. நஃபில் தவாஃப்: விரும்பிய நேரத்தில் செய்வது.

எந்தத் தவாஃபில் பிழை நேர்ந்தது என்று கேட்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. நஃபில் தவாஃபில் நேர்ந்த பிழைக்குச் சொன்ன பதிலை இஃபாளாவுக்குப் பொருத்திக்கொண்டு ஊர் திரும்புவது ஆபத்தானது.

நான்கு படிகள்

ஒவ்வொரு செயலும் கீழ்க்கண்ட ஏதாவது ஒரு படியில் நிற்கிறது.

ருக்ன் என்பது வணக்கத்தின் உறுப்பு. அது விடுபட்டால் வணக்கமே நிறைவேறாது. ஷர்த் என்பது வணக்கம் செல்லுபடியாவதற்கான நிபந்தனை. அது இல்லையென்றாலும் செயல் செல்லாது. ஹஜ்ஜைப் பொறுத்தவரை வாஜிப் என்பது, விட்டால் குற்றம், ஆனால் வணக்கம் செல்லும், விட்டதற்கு ஈடாகத் தம் கொடுக்க வேண்டும் என்ற நிலை. தம் என்றால் மக்காவின் புனித எல்லையான ஹரமுக்குள் ஓர் ஆட்டை அறுத்து அங்குள்ள ஏழைகளுக்குக் கொடுப்பது. சுன்னத் விடுபட்டால் நன்மை குறையுமே தவிர எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டு மத்ஹபுக்காரர்களும் வேறு வேறு பதில் சொல்வதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. உளூ, ஏழு சுற்று முழுமை, கஅபாவை இடப்பக்கம் வைத்தல், கஅபாவை ஒட்டிய அரைவட்டச் சுவரான ஹிஜ்ருக்கு வெளியே சுற்றுதல் ஆகியவற்றை ஷாஃபிஈ மத்ஹப் செல்லுபடிக்கான நிபந்தனைகளாக வைக்கிறது. ஹனஃபி மத்ஹப் இவற்றில் பெரும்பாலானவற்றை வாஜிப் படியில் வைக்கிறது. குர்ஆன் பொதுவாக "தவாஃப் செய்யட்டும்" என்று மட்டும் சொல்லியிருக்க, தனிநபர் அறிவிப்பாக வந்த ஹதீஸைக் கொண்டு அதன்மேல் புதிய நிபந்தனையை ஏற்றக் கூடாது, அதை வாஜிபாகவே கொள்ள வேண்டும் என்பது ஹனஃபிகளின் சட்ட விதி. நபி (ஸல்) அவர்கள் செய்து காட்டிய முறையே அந்த வசனத்தின் விளக்கம் என்பது மற்றவர்களின் நிலை. வசதிக்காகத் தோன்றிய வேறுபாடு அல்ல இது, அடிவேரிலேயே உள்ள வேறுபாடு.

ஏழு சுற்றுக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஷாஃபிஈ, மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளில் ஏழில் ஓர் அடி குறைந்தாலும் தவாஃப் முழுமை பெறாது. ஹனஃபியில் நான்கு சுற்றுகள் ருக்ன், மீதி மூன்றும் வாஜிப். ஆகவே இஃபாளாவில் ஆறு சுற்றோடு நிறுத்திவிட்டு ஊர் வந்து சேர்ந்த ஹனஃபிக்கு ஹஜ் நிறைவேறிவிட்டது, தம் கடமை. அதே நிலையில் உள்ள ஷாஃபிஈக்குத் தவாஃபே பாக்கி நிற்கிறது. அவர் திரும்பிப் போய் நிறைவேற்றும் வரை இல்லற உறவு அவருக்கு ஆகுமானதல்ல. எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் குறைந்த எண்ணையே எடுக்க வேண்டும் என்பது இதனால்தான். நான்கா ஐந்தா என்று தோன்றினால் நான்கு. முழுவதும் முடித்த பிறகு எழும் சந்தேகத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

தரையில் நடப்பவை

சட்டப் புத்தகத்தில் ஒரே வரியில் இருக்கும் விஷயம் மதாஃபில் (தவாஃப் சுற்றும் தளத்தில்) எப்படியெல்லாம் தவறுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். பிழைகள் பெரும்பாலும் அறியாமல் நடப்பவை.

1. தொடங்கும் இடம். ஹஜருல் அஸ்வத் மூலைக்கு நேராகப் பள்ளியின் சுவரில் ஒரு பச்சை விளக்கு எரியும். முன்பு தரையிலேயே கோடு போட்டிருந்தார்கள். எல்லோரும் அதன்மேல் நின்று கொண்டு நெரிசலை உண்டாக்கியதால் எடுத்துவிட்டார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் அந்த நேர்கோட்டைத் தாண்டிய பிறகு ஒருவர் தொடங்கினால், சுற்றி வந்து மீண்டும் ஹஜருல் அஸ்வதை அடையும் வரை நடந்தது கணக்கில் சேராது. விளக்குக்குச் சில அடி முன்பிருந்தே தொடங்கிவிட்டால் இந்தக் கவலை இல்லை. முடிக்கும்போதும் அதே கோட்டைத் தாண்டி வெளியேற வேண்டும்.

2. கஅபா இடப்பக்கம் இருத்தல். கூட்டம் தள்ளும்போது ஒருவர் கஅபாவை நோக்கித் திரும்பிவிடுகிறார், அப்படியே பக்கவாட்டில் நாலைந்து அடி நகர்ந்துவிடுகிறார். கைப்பேசியில் படமெடுக்கப் பின்னோக்கி நடப்பவர்களும் உண்டு. ஷாஃபிஈ சட்டப்படி அந்த நாலைந்து அடி செல்லாது. திரும்பிய இடத்துக்கே பின்வாங்கி, இடத்தோளைக் கஅபாவுக்கு நேராக்கிக் கொண்டு தொடர வேண்டும். கூட்டத்தில் பின்வாங்க வழியில்லை என்றால் அந்தச் சுற்றைக் கணக்கில் எடுக்காமல் கூடுதலாக ஒரு சுற்று சுற்றிவிட்டால் போதும். முகத்தை மட்டும் திருப்பிக் கஅபாவைப் பார்ப்பதால் ஒன்றும் ஆகாது. நெஞ்சு திரும்பக் கூடாது, அவ்வளவுதான்.

3. ஹிஜ்ரு இஸ்மாயீல். ஹதீம் என்றும் சொல்லப்படும் அரைவட்டச் சுவருக்கு உள்ளே புகுந்து குறுக்கே வெளியேறினால் கஅபாவை முழுதாகச் சுற்றியதாக ஆகாது. அது கஅபாவின் பகுதி என்றும், குறைஷிகளிடம் கட்டுமானத்துக்குப் பணம் போதாமல் போனதால் வெளியே விடப்பட்டது என்றும் ஆயிஷா (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்களே சொன்னதாக புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) தம் ஆட்சியில் அப்பகுதியைச் சேர்த்துக் கட்டினார்கள். அவர்களுக்குப் பின் உமய்யா ஆட்சியின் ஆளுநர் ஹஜ்ஜாஜ் அதைப் பழையபடி மாற்றிவிட்டார். ஹனஃபியில் உள்ளே புகுந்தவர் விட்ட பகுதியை மீண்டும் சுற்ற வேண்டும், இல்லையேல் தம்.

4. ஷாதர்வான். கஅபாவின் அடிச்சுவரில் சாய்வாகப் புடைத்திருக்கும் பளிங்குக் கட்டு இது. ஷாஃபிஈ நூல்கள் இதைக் கஅபாவின் அஸ்திவாரமாகக் கொள்கின்றன. ஆகவே சுற்றும்போது உடலின் எந்தப் பகுதியும் அதற்கு மேலே இருக்கக் கூடாது. சுவரைத் தடவிக்கொண்டே நடந்தால், கை உள்ளே இருக்கும் நேரத்தில் எடுத்து வைத்த அடிகள் செல்லாது. ஹஜருல் அஸ்வதை முத்தமிடக் குனிபவருக்கு ஷாஃபிஈ சட்ட அறிஞர் இமாம் நவவீ சொல்லும் எச்சரிக்கையும் இதுதான்: முத்தமிடும்போது பாதங்களை அசைக்காதீர்கள், நிமிர்ந்து நேராக நின்ற பிறகே அடியெடுத்து வையுங்கள். ஹனஃபிகள் ஷாதர்வானைக் கஅபாவின் பகுதியாகக் கொள்வதில்லை.

5. நறுமணம். கஅபாவின் சுவருக்கும் ஹஜருல் அஸ்வத் மூலைக்கும் அத்தர் பூசுகிறார்கள். இஹ்ராமில் இருப்பவர் ஈரம் காயாத அத்தரைத் தெரிந்தே தொட்டுக் கையில் ஒட்டிக்கொண்டால் ஃபித்யா என்னும் பரிகாரம் கடமையாகலாம். தெரியாமல் பட்டுவிட்டால் உடனே கழுவிவிட வேண்டும். முட்டி மோதிச் சுவரைத் தொட்டவர்களில் பலருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது.

ஜமாஅத்துக்கு இகாமத் சொல்லிவிட்டால் நின்று தொழுதுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தண்ணீர் குடிக்கவும் சற்றே இளைப்பாறவும் நிற்பதால் தவாஃப் முறியாது.

உளூவும் நெரிசலும்

தவாஃப் தொழுகையைப் போன்றது, அதில் பேச்சு அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்பதே வேறுபாடு என்ற கருத்தில் இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக ஓர் அறிவிப்பு திர்மிதியில் உள்ளது. மூன்று மத்ஹபுகள் உளூவை நிபந்தனையாக்க இதுவும் ஓர் ஆதாரம். ஹனஃபியில் உளூ வாஜிப். இஃபாளாவை உளூ இல்லாமல் செய்தவர் ஓர் ஆடு கொடுக்க வேண்டும். குளிப்புக் கடமையான நிலையில் செய்தவர் ஒட்டகமோ மாடோ கொடுக்க வேண்டும். மக்காவில் இருக்கும்போதே சுத்தத்தோடு திரும்பச் செய்துவிட்டால் பரிகாரம் நீங்கிவிடும்.

நடுவில் உளூ முறிந்தால், ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, உளூச் செய்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதலிலிருந்து தொடங்குவது சிறப்பு. மாலிகியில் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதில் ஷாஃபிஈகளுக்கு மட்டும் ஒரு பெரிய சிக்கல் உண்டு. மஹ்ரம் (மணமுடிக்கத் தடையான நெருங்கிய உறவினர்) அல்லாத ஆண், பெண் தோல் ஒன்றோடொன்று படுவது ஷாஃபிஈயில் உளூவை முறிக்கும். ஆண்களும் பெண்களும் ஒன்றாகச் சுற்றும் மதாஃபில் வெறுங்கை பிறர்மேல் படாமல் ஏழு சுற்று முடிப்பது எத்தனை பேருக்குச் சாத்தியம்? இமாம் நவவீ தம் ஹஜ் நூலிலேயே இதைத் தவாஃபில் பரவலாக நேரும் சோதனை என்று குறிப்பிட்டிருக்கிறார். அவர் மறைந்து ஏழரை நூற்றாண்டு ஆகிறது.

இதற்கு ஷாஃபிஈ ஆலிம்கள் சொல்லும் வழி, உளூ விஷயத்தில் தொடுதலால் உளூ முறியாது என்னும் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுவது. அப்படிச் செய்பவர் உளூவையும் அந்த மத்ஹபின் நிபந்தனைப்படி செய்திருக்க வேண்டும். சில முடிகளை மட்டும் தடவும் ஷாஃபிஈ வழக்கம் ஹனஃபியில் போதாது, தலையில் நான்கில் ஒரு பங்காவது தடவ வேண்டும். இரத்தம் வழிந்தால் ஹனஃபியில் உளூ முறியும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். முழுத்தலையையும் தடவி, உறுப்புகளை வரிசையாகக் கழுவிவிட்டால் இரண்டு மத்ஹபுக்கும் பொருந்திவிடும். இந்த விஷயத்தை ஊரிலேயே, ஹஜ் வகுப்பிலேயே சொல்லித் தந்துவிட வேண்டும். மதாஃபின் நடுவில் உளூப் போய்விட்டதோ என்று கலங்கி, ஐந்து வேளையும் தவாஃபைத் திரும்பத் திரும்பத் தொடங்கும் முதியவர்களைப் பார்க்க நெஞ்சு பொறுப்பதில்லை.

மாதவிடாய்: தவாஃபின் கடினமான கேள்வி

ஹஜ் பயணத்தில் பெண்களை அதிகம் அழவைக்கும் கேள்வி இது. பெரும்பாலும் கூச்சத்தால் கேட்கப்படாமல் போவதும் இதுதான்.

ஆயிஷா (ரலி) அவர்களுக்கு மக்காவை நெருங்கும்போது ஸரிஃப் என்ற இடத்தில் ஹைளு வந்தது. அழுதுகொண்டிருந்த அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள், இது ஆதமின் பெண்மக்களுக்கு அல்லாஹ் விதித்தது என்று ஆறுதல் சொல்லி, தூய்மையாகும் வரை கஅபாவைத் தவாஃப் செய்வதைத் தவிர ஹாஜி செய்யும் அனைத்தையும் செய்யும்படி கூறினார்கள். அரஃபா, முஸ்தலிஃபா, மினா, கல்லெறிதல், துஆ, திக்ரு எதற்கும் தடையில்லை. தொடர் உதிரப்போக்கு எனப்படும் இஸ்திஹாளா உள்ளவர் தவாஃபும் செய்யலாம்.

எந்தத் தவாஃப் பாக்கி இருக்கிறது என்பதைப் பொறுத்துத் தீர்வு மாறும்.

விடைத் தவாஃப் மட்டும் பாக்கி என்றால் சிக்கலே இல்லை. அது விலக்கப்பட்டுவிட்டது, தம்மும் இல்லை. ஸஃபிய்யா (ரலி) அவர்களுக்கு ஹைளு வந்தபோது, "அவர் நம்மைத் தடுத்து நிறுத்திவிடுவாரோ?" என்று நபியவர்கள் கேட்டார்கள். இஃபாளாவை முடித்துவிட்டார் என்று தெரிந்ததும் புறப்படச் சொல்லிவிட்டார்கள்.

உம்ராவின் தவாஃபுக்கு முன் ஹைளு வந்து, அரஃபா நாள் வரை தூய்மையாகாவிட்டால், ஷாஃபிஈயில் உம்ராவோடு ஹஜ்ஜையும் நிய்யத் செய்து கிரான் முறைக்கு மாறிவிடுவார். பின்னால் செய்யும் ஒரே தவாஃப், ஒரே ஸஃயீ (ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு இடையே நடப்பது) இரண்டுக்கும் போதும். ஹனஃபியில் உம்ராவை விட்டுவிட்டு ஹஜ்ஜுக்கு இஹ்ராம் கட்டி, பின்னர் விட்ட உம்ராவைத் திரும்ப நிறைவேற்றி (களாச் செய்து) தம் கொடுப்பார்.

இஃபாளா பாக்கி இருக்கும்போது ஹைளு வந்து, பயண நாளும் வந்துவிட்டால்தான் இக்கட்டு. ஸஃபிய்யா (ரலி) செய்தியில் "தடுத்து நிறுத்திவிடுவாரோ" என்று நபியவர்கள் கேட்டதே, இஃபாளா முடியாத பெண்ணுக்காகப் பயணக் கூட்டம் காத்திருக்க வேண்டும் என்பதற்கு ஆதாரம். விமானப் பயணச்சீட்டும் விசாவும் நாள் குறித்து வரும் இக்காலத்தில், முன்னுரிமை வரிசையில் வழிகள் இவை:

1. பயணத்தைத் தள்ளிப்போடுவது. ஹஜ் கமிட்டி அதிகாரியிடமோ பயண ஏற்பாட்டாளரிடமோ உடனே சொல்ல வேண்டும். கடைசி நாள் வரை மறைத்து வைத்தால் அடுத்த விமானத்துக்கு மாற்றும் வாய்ப்பும் போய்விடும்.

2. இடையில் இரத்தம் நின்ற நேரத்தைப் பயன்படுத்துவது. ஷாஃபிஈயில் வலுவான கருத்துப்படி இடைவெளியும் ஹைளாகவே கருதப்படும். ஆனால் அந்த மத்ஹபிலேயே, இரத்தம் முற்றிலும் நின்ற இடைவெளி தூய்மையே என்ற இரண்டாவது கருத்து உண்டு. நெருக்கடியில் குளித்துவிட்டு அந்த இடைவெளியில் தவாஃபை முடித்துக்கொள்ளலாம் என்று ஆலிம்கள் வழிகாட்டுகிறார்கள்.

3. ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுவது. அந்நிலையில் தவாஃப் செய்வது பாவம், ஆனால் தவாஃப் செல்லும், ஹரமில் ஒட்டகமோ மாடோ அறுக்க வேண்டும். ஷாஃபிஈ காழியாக இருந்த இப்னுல் பாரிஸீ (இறப்பு ஹிஜ்ரி 738) இத்தகைய பெண்களுக்கான வழிகளில் பிற மத்ஹபைப் பின்பற்றுவதையும் சேர்த்தே ஃபத்வா கொடுத்திருக்கிறார்.

4. இப்னு தைமிய்யா (இறப்பு ஹிஜ்ரி 728) சொன்ன கருத்து. முற்காலத்தில் ஹஜ் அமீர்கள் பெண்களுக்காகக் காத்திருந்தார்கள், தம் காலத்திலோ வழிப்பயத்தால் எந்தக் கூட்டமும் காத்திருப்பதில்லை, தனித்து நிற்பது உயிருக்கே ஆபத்து, ஆகவே வேறு வழியே இல்லாதவள் இரத்தம் சிந்தாதபடி துணி கட்டிக்கொண்டு தவாஃப் செய்துவிடலாம், அவள்மேல் பரிகாரமும் இல்லை என்றார். அவருடைய மாணவர் இப்னுல் கையிமும் இதை ஆதரித்து விரிவாக எழுதினார். பெரும்பான்மை அறிஞர்கள் இதை ஏற்கவில்லை. ஆனால் தூரதேசத்திலிருந்து வந்து திரும்ப வர வாய்ப்பில்லாதவர்களுக்கு இன்று பல ஃபத்வா அமைப்புகள் இதைக் கடைசி வழியாகச் சொல்கின்றன.

மூன்றாவதையும் நான்காவதையும் தானாகவே தேர்ந்தெடுத்துக்கொள்ளாமல், தன் நிலைமையை முழுதாகச் சொல்லி ஓர் ஆலிமிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். யாரிடமும் சொல்லாமல் தவாஃபை விட்டுவிட்டு ஊர் திரும்புவது எல்லாவற்றிலும் மோசமான முடிவு. ஷாஃபிஈ சட்டப்படி அந்தப் பெண் ஆண்டுக்கணக்கில் இஹ்ராமின் எச்சத்திலேயே இருக்க நேரிடும்.

ஹைளைத் தள்ளிப்போடும் மாத்திரைகள் சாப்பிடலாமா என்றும் கேட்கிறார்கள். உடலுக்குக் கேடில்லை என்று மருத்துவர் சொன்னால் கூடும். தவாஃபுக்காக ஹைளை நிறுத்தும் மருந்து குடிப்பதை இப்னு உமர் (ரலி) தவறாகக் கருதவில்லை என்று அப்துர் ரஸ்ஸாக்கின் முஸன்னஃபில் வருகிறது. கடைசி நேரத்தில் தொடங்கும் மாத்திரை சிலருக்கு விட்டுவிட்டு உதிரம் கசியும் நிலையை உண்டாக்கிக் குழப்பத்தைக் கூட்டிவிடுவதால், புறப்படும் முன்பே மகப்பேறு மருத்துவரிடம் போய்விடுவது நல்லது. ஹஜ் வகுப்பு நடத்துபவர்கள் ஆண்களுக்கு ரமல் என்னும் விரைந்த நடையை நடந்து காட்டும் நேரத்தில் பாதியையாவது இதற்கு ஒதுக்க வேண்டும்.

மாடி, சக்கர நாற்காலி, மின்வண்டி

பள்ளியின் எல்லைக்குள் இருக்கும் வரை எத்தனையாவது மாடியானாலும் தவாஃப் செல்லும். மாடிகளும் மேல்தளமும் கஅபாவின் உயரத்தைத் தாண்டிவிட்டால் என்ன என்ற கேள்வி பல மாடிகள் கட்டப்படுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஷாஃபிஈ நூல்களில் எழுப்பப்பட்டுத் தீர்க்கப்பட்டிருக்கிறது. கஅபாவை விட உயரமான மலைமேல் நின்று கிப்லாவை நோக்கித் தொழுதால் தொழுகை கூடுகிறது, ஏனென்றால் கஅபாவுக்கு மேலுள்ள வெளியும் கஅபாவின் சட்டத்தில் சேர்ந்தது. அதே நியாயம்தான் தவாஃபுக்கும். நடை தூரம் பல மடங்கு கூடும் என்பதைத் தவிர மாடியில் சுற்றுவதால் குறை ஏதுமில்லை. பள்ளிக்கு வெளியே, வெளிமுற்றத்தில் சுற்றினால் செல்லாது.

1941இல் மக்காவில் வெள்ளம் புகுந்தபோது மதாஃபில் நீந்திச் சுற்றியவர்களின் புகைப்படம் இன்றும் பரவலாகப் பகிரப்படுகிறது. இடமும் திசையும் எண்ணிக்கையும் சரியாக இருந்தால் நீந்திச் சுற்றியதும் தவாஃபே.

வாகனத்தில் அமர்ந்து சுற்றுவதற்கு நபிவழியிலேயே ஆதாரம் உண்டு. தம் இறுதி ஹஜ்ஜான ஹஜ்ஜத்துல் வதாவில் நபி (ஸல்) அவர்கள் ஒட்டகத்தின் மேல் அமர்ந்து சுற்றி, கையிலிருந்த வளைந்த தடியால் ஹஜருல் அஸ்வத் மூலையைத் தொட்டார்கள். உடல்நலமில்லாத உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் மக்களுக்குப் பின்னால் வாகனத்தில் சுற்றிக்கொள்ளச் சொன்னார்கள். நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலியும் மேல்தளத்தில் ஓடும் மின்வண்டியும் தாராளமாகக் கூடும். நடக்க முடிந்தவர் உட்கார்ந்து சுற்றினால் ஷாஃபிஈயில் சிறப்புக்கு மாறானது மட்டுமே. ஹனஃபியில் நடப்பது வாஜிப் என்பதால், காரணமின்றி அப்படிச் செய்தவர் திரும்பச் செய்யாவிட்டால் தம்.

தாயைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகும் மகனுக்குத் தவாஃப் சேருமா? சேரும். ஒருவரைத் தோளில் சுமந்து சுற்றினால் அது யாருடைய தவாஃப் என்பதில் பழைய நூல்களில் நுணுக்கமான விவாதம் உண்டு. ஆனால் தரையில் ஓடும் ஒன்றில் உட்காரவைத்து இழுத்தாலோ தள்ளினாலோ ஒருவருடைய தவாஃபுக்கும் மற்றவருடையதற்கும் தொடர்பில்லை, இருவருக்கும் அவரவர் தவாஃப் நிறைவேறும் என்று பிற்கால ஷாஃபிஈ நூல்கள் தெளிவாகவே சொல்கின்றன.

தரைத்தள மதாஃபுக்குள் இஹ்ராமில் இருக்கும் உம்ராக்காரர்களை மட்டுமே விடும் ஏற்பாட்டைக் கூட்டம் மிகும் காலங்களில் சவூதி நிர்வாகம் கடைப்பிடிக்கிறது. கீழே இறங்குவதற்காகவே, உம்ரா நிய்யத் இல்லாமல் இரண்டு வெள்ளைத் துணியை உடுத்திக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். துணி உடுத்துவதால் மட்டும் ஒருவர் இஹ்ராமில் நுழைந்தவராக ஆவதில்லை. அவர் செய்யும் நஃபில் தவாஃப் செல்லும். ஆனால் அது காவலர்களை ஏமாற்றுவது, ருக்னை நிறைவேற்ற வந்தவரின் இடத்தை நஃபிலுக்காக எடுத்துக்கொள்வது. அதே நஃபிலை மேல்மாடியில் எவரையும் ஏமாற்றாமல் செய்ய முடியும்போது இதை நியாயப்படுத்த ஒன்றுமில்லை.

சுன்னத்துக்காக ஹராமைச் செய்வது

வலத்தோளைத் திறந்து விடும் இள்திபா, முதல் மூன்று சுற்றில் தோள் குலுங்க விரைந்து நடக்கும் ரமல் இரண்டும் ஆண்களுக்கு மட்டுமான சுன்னத்துகள். அதிலும் பின்னால் ஸஃயீ செய்யப்போகும் தவாஃபில் மட்டுமே. ஹிஜ்ரி 7இல் உம்ராவுக்கு வந்த முஸ்லிம்களை யத்ரிபின் காய்ச்சல் மெலிய வைத்துவிட்டது என்று குறைஷிகள் பேசிக்கொண்டபோது பலத்தைக் காட்டத் தொடங்கியது ரமல். நெரிசலில் இடமில்லை என்றால் விட்டுவிட வேண்டியதுதான். தோளைத் திறந்தபடியே இரண்டு ரக்அத் தொழுவது சுன்னத் அல்ல, தொழும் முன் மூடிக்கொள்ள வேண்டும்.

ஹஜருல் அஸ்வதை முத்தமிடுவதும் சுன்னத்தே. முடியாதவர் கையால் தொடலாம், அதுவும் முடியாதவர் தூரத்திலிருந்து கையைக் காட்டித் தக்பீர் சொன்னாலே சுன்னத் நிறைவேறிவிடும். "நீ ஒரு கல், நன்மையும் செய்யமாட்டாய், தீமையும் செய்யமாட்டாய். நபியவர்கள் உன்னை முத்தமிடுவதை நான் பார்த்திராவிட்டால் உன்னை முத்தமிட்டிருக்க மாட்டேன்" என்று உமர் (ரலி) சொன்னார்கள். தம்மோடு வந்து அந்த மூலையைத் தொடும்படி அழைத்த பெண்ணிடம் ஆயிஷா (ரலி) மறுத்து, கூட்டத்துக்கு ஒதுங்கியே சுற்றினார்கள் என்பது புகாரியில் உள்ளது. முழங்கையால் இடித்து, வயதானவர்களை மிதித்து, பெண்களோடு உடல் நெருக்கி அந்தக் கல்லை எட்டுகிறவர், நிறைவேற்றிய சுன்னத்துக்கு விலையாகப் பிறருக்குத் துன்பம் தரும் ஹராமைச் செய்திருக்கிறார். இதில் நான்கு மத்ஹபுக்கும் கருத்து வேறுபாடில்லை.

ஒவ்வொரு சுற்றுக்கும் தனித்தனி துஆ அச்சிட்ட கையேட்டைப் பார்த்து ஒருவர் உரக்கச் சொல்ல, பின்னால் முப்பது பேர் திருப்பிச் சொல்கிறார்கள். அப்படிச் சுற்றுக்கு ஒரு துஆ நபிமொழியில் வரவில்லை. ஹஜருல் அஸ்வதுக்கு முந்தைய மூலையான ருக்னுல் யமானிக்கும் ஹஜருல் அஸ்வதுக்கும் இடையே "ரப்பனா ஆத்தினா ஃபித்துன்யா" ஓதுவதே அபூதாவூதில் வருகிறது. மற்றபடி தெரிந்த துஆவைத் தமிழிலேயே கேட்கலாம்.

தவாஃபுக்குப் பின் இரண்டு ரக்அத் ஹனஃபியில் வாஜிப், ஷாஃபிஈயில் சுன்னத். இப்ராஹீம் நபி நின்ற கல்லான மகாமு இப்ராஹீமுக்குப் பின்னால்தான் தொழ வேண்டும் என்று மதாஃபின் நடுவிலேயே நின்றுவிட வேண்டாம். ஹரமில் எங்கும் தொழலாம். உமர் (ரலி) ஃபஜ்ருக்குப் பின் தவாஃப் முடித்துப் புறப்பட்டு, தூதுவா என்ற இடத்தில் தொழுதிருக்கிறார்கள். அஸருக்குப் பின்னும் ஃபஜ்ருக்குப் பின்னும் ஷாஃபிஈ உடனே தொழுவார். ஹனஃபி அந்த நேரம் கழியும் வரை காத்திருப்பார்.

நேரமும் புறப்பாடும்

இஃபாளாவின் நேரம் ஷாஃபிஈயில் துல்ஹஜ் 10ஆம் இரவின் பாதியிலிருந்தும், ஹனஃபியில் 10ஆம் நாள் ஃபஜ்ரிலிருந்தும் தொடங்கும். ஹனஃபிக்கு 12ஆம் நாள் சூரியன் மறைவதற்குள் முடிப்பது வாஜிப், காரணமின்றித் தாமதித்தால் தம். ஹைளு காரணமாகத் தாமதித்த பெண்ணுக்குத் தம் இல்லை. ஷாஃபிஈக்குக் கடைசி நேரம் என்று ஒன்று இல்லாததால், கூட்டம் குறைந்த பின் நிதானமாகச் செய்துகொள்ளலாம். முதியோரை 10ஆம் நாளே மதாஃபுக்குள் இழுத்துச் செல்லும் வழிகாட்டிகள் அவர் எந்த மத்ஹப் என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

தவாஃப் செல்லாமல் போனால் அதோடு நிற்பதில்லை. ஸஃயீ செல்ல வேண்டுமானால் அதற்கு முன் செல்லுபடியான தவாஃப் இருக்க வேண்டும். உம்ராவின் தவாஃப் செல்லவில்லை என்று பின்னால் தெரிந்தால், ஸஃயீயும் முடி களைந்ததும் கணக்கில் வராது, அவர் இன்னும் இஹ்ராமில்தான் இருக்கிறார். இஹ்ராம் ஆடையை அணிந்து தவாஃபையும் ஸஃயீயையும் திரும்பச் செய்து முடி களைய வேண்டும்.

விடைத் தவாஃப் எல்லா வேலையும் முடிந்த பிறகு கடைசியாகச் செய்வது. ஹனஃபியில் உம்ரா மட்டும் செய்தவருக்கு இது இல்லை. ஷாஃபிஈயில் உம்ராக்காரரும் மக்காவை விட்டு நெடும்பயணம் கிளம்பினால் செய்ய வேண்டும். செய்த பிறகு அறையில் படுத்து உறங்கினால் அல்லது கடைவீதியில் சாவகாசமாகச் சுற்றினால் ஷாஃபிஈயில் திரும்பச் செய்ய வேண்டும். வழிக்குத் தேவையான உணவு வாங்குவது, பெட்டிகளைக் கட்டி ஏற்றுவது, ஜமாஅத் தொழுகைக்கு நிற்பது ஆகியவற்றால் அது முறியாது. கஅபாவுக்கு முதுகு காட்டக் கூடாது என்று பின்னோக்கியே நடந்து வெளியேறுவதற்கு நபிவழியில் ஆதாரமில்லை என்று இமாம் நவவீ எழுதியிருக்கிறார். பின்னால் வருபவர்மேல் மோதி விழவும் அது காரணமாகிறது. தவாஃபை முடித்துவிட்டுப் பெட்டியோடு விடுதி வாசலில் நிற்கும்போது பேருந்து சில மணி நேரம் தாமதமானால், காத்திருந்தது பயணத்துக்காகவே என்பதால், மீண்டும் ஹரமுக்குப் போய்ச் சுற்ற வேண்டியதில்லை.